பின் அறை வாடகையில் சேராது

யாருடைய வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னல்களை எண்ணிவிடுவேன். பிறகு கதவுகளை. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் இதே கதைதான். "வந்த எடத்துல சும்மா உக்காருங்களேன்" என்று என் மனைவி முழங்கையால் இடிப்பாள். இடித்த பிறகும் மீதி ஜன்னல்களை எண்ணி முடிக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. அரசு அலுவலகங்களுக்காக வாடகைக்கு எடுக்கும் தனியார் கட்டடங்களை அளந்து, நியாயமான வாடகை இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதில்தான் என் உத்தியோகத்தின் பெரும்பகுதி போயிற்று. பழக்கம் விடவில்லை.

போன மாதம் அதே வேலையை இப்போது பார்க்கும் ஒரு பெண் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். எந்தக் கட்டடத்துக்கு அரசு எவ்வளவு வாடகை கொடுக்கிறது என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று அவர்கள் அலுவலகத்தில் பேச்சு வந்திருக்கிறதாம். அதைக் கேட்ட வீட்டுக்காரர்கள் முறைக்கிறார்களாம்.

"உங்க காலத்துல ஓசூர்ல வாசல்லயே போர்டு எழுதி மாட்டுனீங்களாமே சார்? யார் ஆர்டர் போட்டாங்க? யாரும் எதிர்க்கலையா?"

யாரும் ஆர்டர் போடவில்லை. எதிர்ப்பு வந்தது. விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால், நாங்கள் மாட்டிய போர்டுகளில் ஒன்றே ஒன்றுதான் கண் முன்னால் வந்து நிற்கிறது. அதைப் பற்றியே எழுதுகிறேன். மற்றவை எல்லாம் அளவும் தொகையும்தான்.

நான் நாகரசம்பட்டிக்காரன். டிப்ளமோ முடித்து, எழுபதுகளின் நடுவில் ஓவர்சியராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அளவு நாடா தொய்ந்தால் கணக்கும் தொய்யும் என்று கற்றுக்கொண்டேன். அளந்து முடிப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் கொடுக்கும் காப்பியைக் குடிக்கக் கூடாது என்றும் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளில் ஓசூருக்கு மாற்றினார்கள். தொழிற்பேட்டை வந்து, நாலா பக்கமும் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். ஊருக்குள் மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஷிப்டுக்குப் போகிறவர்கள் வாடகை கொடுத்துக் குடியிருந்தார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் ஞானமுத்து சார். திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. அவர் பேச்சு எங்களுக்குப் பிடிபட அதற்கும் மேலே. கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ரொம்பக் கோபம் என்றால் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் சொல்வதை அவர் நம்பவில்லை என்று அர்த்தம்.

கட்டடத்தை அளப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அறை அறையாக அளந்த பிறகு, கட்டடத்தை வெளிப்புறமாகவும் ஒரு சுற்று அளக்க வேண்டும். அறைகளின் பரப்பும் சுவர்களின் கனமும் சேர்ந்து வெளி அளவோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அளவு முடிந்ததும் எல்லாவற்றையும் வாசலில் நின்று சத்தமாக வாசிக்கச் சொல்வார். அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். நான் தமிழில் வாசிப்பேன். எங்கள் பியூன் சீனப்பா அதைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்வார்.

"மூணு பாஷைல சொல்லிக்கினு கெடக்கறோமே சார், வாடகை மூணு மடங்கா ஏறுமா?" என்று சீனப்பா கேட்பார்.

"ஏறாது. ஆனா நாளைக்கு எவனும் எனக்கு வெளங்கலன்னு வந்து நிக்க மாட்டாம்லா" என்பார் சார்.

வெளங்கவில்லை என்று வந்து நிற்பவர்கள்தான் எங்களுக்குப் பெரிய தொல்லை. இன்னாருடைய வீட்டுக்கு கவர்மெண்ட் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறதாம் என்று ஒரு வதந்தி கிளம்பும். உடனே பாகலூரிலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்து, "எனக்கு மட்டும் ஏன் சார் கம்மி?" என்பார்கள். ஒரு நாள் மத்தியானம், டிபன் டப்பாவைத் திறக்க விடாமல் நாலாவது ஆளும் வந்து நின்றபோது சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேய் மாதப்பன், ஒண்ணு செய்வோம். எத்தனை அறை, எவ்வளவு பரப்பு, என்ன ரேட்டு, எவ்வளவு வாடகை, எல்லாத்தையும் தகரத்துல எழுதி அந்தந்த ஆபீஸ் வாசல்ல மாட்டிப்புடுவோம். கேக்குதவன் அங்க போய்ப் படிச்சுக்கிடட்டும். நாம சோறு திங்கலாம்."

ஊழலை ஒழிக்க வேண்டும் என்றோ, மக்கள் அறிய வேண்டும் என்றோ அவர் அப்போது பெரிதாக எதுவும் பேசவில்லை. சோற்றில்தான் ஆரம்பித்தது. எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை. மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது? கேட்டார்கள். எழுதக் கூடாது என்று உத்தரவு இருந்தால் அனுப்புங்கள், கழற்றிவிடுகிறேன் என்று சார் பதில் எழுதினார். உத்தரவு எதுவும் வரவில்லை. அவர் மாற்றலாகிப் போன பிறகும் போர்டுகள் அப்படியே இருந்தன. மாட்டியதற்கு ஆர்டர் இல்லாததால், கழற்றவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இனி அந்த வீடு. பஸ் நிலையத்துக்குப் பின்னால், புளி வியாபாரி கரீம் பாய் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. குடும்பத்தோடு மண்டிக்கு மேலே இருந்த மாடிக்குப் போய்விட்டு, வீட்டை ஓர் அரசு அலுவலகத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கடைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் உரிமம் புதுப்பிக்க வந்து வரிசையில் நிற்கிற இடம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வாடகையைத் திருத்த வேண்டும். அதற்காகத்தான் போனோம். எனக்கு முன்பு இருந்தவர் அளந்த கணக்கில் ஐந்து அறைகள் என்று இருந்தது.

நான்கு அறைகளை அளந்துவிட்டோம். ஐந்தாவது, பின்னால் இருந்த அறை. அதன் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அது சும்மா, சாமான் ரூமுங்க சார். பழைய கணக்குலயே அளவு இருக்குது, அதையே போட்டுக்குங்க" என்றார் கரீம் பாய்.

"சாமான் தைக்குமா பாய்?" என்றார் சார். கண்ணாடி கைக்கு வந்துவிட்டது.

சீனப்பாவுக்குச் சிரிப்பு வந்து, இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். மிஷின் சத்தம் நின்றது. நாதாங்கி விலகியது. நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், கழுத்தில் அளவு நாடா தொங்க, வாசற்படியில் நின்றார். பின்னால் காக்கித் துணியும் நீலத் துணியும் குவிந்து கிடந்தன. கம்பெனி ஆட்களின் சீருடைகள். அறைக்குச் சந்துப் பக்கம் இன்னொரு கதவு இருந்தது. ஷிப்டுக்குப் போகிற வழியில் அங்கே கொடுத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிப் போவார்கள். மூலையில் ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. ஒரே ஒரு ஜன்னல்.

"என் தங்கச்சிங்க சார். ஜெமீலா" என்றார் கரீம் பாய் மெதுவாக.

கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் வேறொருத்தியோடு போய்விட, பத்து வருடத்துக்கு முன்பே திரும்பி வந்தவர். மண்டி மாடியில் அண்ணன் பொண்டாட்டியோடு ஒத்துப்போகவில்லை. அலுவலகத்து ஆட்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். ஜெமீலாக்காதான் அவர்களுக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பவர். தெரியாதது போல இருந்தது எங்கள் பழைய கணக்கு மட்டும்தான்.

"இந்த ரூமுக்கும் சேர்த்து அரசாங்கம் வாடகை குடுக்குது, தெரியுமாம்மா?" என்று சார் கேட்டார்.

"தெரியாதுங்க" என்றார் அவர். அண்ணனைப் பார்க்கவில்லை. "ரூம் என்னோடதில்லைன்னு மட்டும் தெரியும்."

அந்த அலுவலகத்தின் தலைவர் இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். "சார், அந்த அம்மாவ காலி பண்ணச் சொல்லிட்டா நாங்க ரெக்கார்டு ரூமா வச்சுக்கறோம். ஃபைல் எல்லாம் நடையில கெடக்குது. பாய்க்கும் வாடகை குறையாது, எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்கும் என்ற கணக்கில் ஒரு ஆள் குறைந்ததை நான் கவனித்தேன்.

சார் கரீம் பாய் பக்கம் திரும்பினார். "ரெண்டு வழிதான் பாய்" என்றார். "அறையை ஆபீசுக்கு விடும், முழு வாடகை வாங்கும். இல்லன்னா அறையைக் கழிச்சுப்புடுவேன், வாடகை கொறையும். இதுவரைக்கும் கூட வாங்குனதைத் தவணையாப் பிடிக்கவும் செய்வேன். எதுன்னாலும் வாசல்ல எழுதித்தான் மாட்டுவேன். நாளைக்கு வந்து சொல்லும்."

அன்று மண்டியில் கரீம் பாயின் நிலைமை நன்றாக இல்லை என்பது எனக்குத் தெரியும். புளி விலை விழுந்திருந்தது. மூத்த பையன் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார் என்று நான் வீட்டில் புரண்டுகொண்டிருந்தேன். சந்துக் கதவு இல்லாமல் வேறு இடத்தில் அந்தத் தொழில் நடக்காது.

மறுநாள் கரீம் பாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு புளிப் பொட்டலம். சார் அதைப் பார்த்த பார்வையில், பொட்டலத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"கழிச்சிடுங்க சார்."

"யோசிச்சுச் சொல்லுதீரா?"

"வீட்ல சண்டைதாங்க. ஆனா போர்டு மாட்டுவேன்னு சொல்லிட்டீங்களே. அஞ்சு ரூமுன்னு நீங்க எழுதிட்டா, கூடப்பொறந்தவள ரோட்ல நிறுத்திட்டு அந்த ரூமுக்கும் காசு வாங்குறான்னு ஊரே வரிசையில நின்னு படிக்கும். எனக்கு அது வேணாங்க."

போகும்போது பொட்டலத்தை மறக்காமல் எடுத்துப் போனார். சார் அவர் பின்னாலேயே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து எனக்கு ஒரு கவலை. நான்கு அறைகளை மட்டும் எழுதினால் வெளி அளவோடு ஒத்துவராது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கே ஓர் அறை குறைவது தெரியும். எதற்காகவோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று எங்களைச் சொல்வான். சாரிடம் போய் நின்றேன்.

"அதையும் எழுதும்வே. 'பின் அறை உரிமையாளரின் சகோதரி குடியிருப்பு. வாடகையில் சேராது'ன்னு கடைசி வரி போடும். கணக்கு முடிஞ்சுது."

பெயிண்டர் வந்து எழுதத் தொடங்கியபோது, ஜெமீலாக்கா கையில் ஊசியோடு வாசல் பக்கம் வந்தார். அந்தப் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. சுவரில் நான் சாக்கட்டியால் எழுதிவைத்திருந்த வரியைப் படித்தார்.

"சார், உரிமையாளரின் சகோதரின்னா யாருக்குத் தெரியும்? அண்ணன் பேரு மேல இருக்குது. எனக்கும் ஒரு பேரு இருக்குதில்லைங்களா?"

நான் ஞானமுத்து சாரைப் பார்த்தேன். அவர் பெயிண்டரிடம், "ஜெமீலா பீவி குடியிருப்புன்னு எழுதுப்பா" என்றார். அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது. கோபம் இல்லாமல் அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

எழுதி முடித்ததும் ஜெமீலாக்கா தன் பெயர் மேல் விரலை வைத்துவிட்டார். "ஐயோ, பெயிண்டு காயலக்கா!" என்று சீனப்பா கத்தினார். 'பீ'க்குப் பக்கத்தில் ஒரு விரல் தடம் விழுந்தது. பெயிண்டர் துணியை எடுத்துத் துடைக்கப் போனான். சார் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

வருடங்கள் போயின. சார் மாற்றலாகி, பிறகு ஓய்வும் பெற்றார். நான் கிருஷ்ணகிரிக்கு வந்தேன். தொண்ணூறுகளில் அந்த அலுவலகம் அரசின் சொந்தக் கட்டடத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கரீம் பாய் இறந்த செய்தியும் வந்தது. அப்புறம் ஒரு நாள் அவருடைய இரண்டு பையன்களும் என் வீட்டுக்கே வந்தார்கள். மூத்தவன் ஷாஜகானுக்கு பெங்களூரில் வியாபாரம். இளையவன் இக்பால் ஓசூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் இருந்தான்.

வீட்டை விற்கப் போகிறார்கள். லாட்ஜ் கட்ட ஆள் வந்திருக்கிறது. ஆனால் அத்தை காலி செய்ய மாட்டேன் என்கிறார். அவர்கள் வழக்கப்படி 'மாமி' என்றுதான் சொன்னார்கள்; அப்பாவை 'அத்தா' என்று.

"மாமிக்குப் பத்திரத்துல ஒரு பாத்தியதையும் இல்ல சார்" என்றான் ஷாஜகான். "ஆனா தெருவுல கேட்டா எல்லாரும், அது ஜெமீலா ரூமு, போர்டுலயே போட்டிருக்குதேங்கறாங்க. பத்து வருஷத்துக்கு மேல அங்க வரிசையில நின்னவன் பூரா அதைப் படிச்சிருக்கான். பள்ளிவாசல் பெரியவரும் அதையேதான் கேக்கறாரு. எழுதுனது நீங்கதானாமே? நீங்க வந்து, அது என்னத்துக்கு எழுதுனதுன்னு உள்ளத சொல்லணும். பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்."

அதுதான் சங்கடம். உள்ளதைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு நல்லதில்லை. பஸ்ஸில் போகும்போது முழுக்க அந்த வரியை வேறு விதமாகச் சொல்ல முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

காலியான அந்த முன் ஹாலில் உட்கார்ந்தோம். பள்ளிவாசல் பெரியவர், பையன்கள் இருவர், சுவரோரமாக ஜெமீலாக்கா. தலைமுடி நரைத்துவிட்டது. கழுத்தில் நாடா மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், எளச்சிட்டீங்களே" என்றார்.

பெரியவர் கேட்டார், நான் சொன்னேன். "அது உரிமை கொடுத்து எழுதினது இல்லைங்க. பரப்பளவு கணக்கு சரியா வரணும்னு எழுதினது. அவ்வளவுதான்."

ஷாஜகான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். ஜெமீலாக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "சார் சொல்றது நெசந்தான். நானும் உரிமைன்னு கேக்கல" என்றார். "மிஷின் வைக்க எடம்தான் கேக்கறேன்."

பெரியவர் எழுந்திருக்கப் போகிறவர் போலத் தோளில் துண்டைப் போட்டார். உள்ளதைச் சொல்லத்தானே கூப்பிட்டார்கள், உள்ளதில் பாதியைத்தானே சொன்னேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க. வாடகையில சேராதுன்னா, அந்த ரூமுக்கு உண்டான காசை கரீம் பாய் வாங்கலைன்னு அர்த்தம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை திருத்தம் வரும். ஒவ்வொரு தடவையும் ஆபீசுல அந்த ரூமைக் கேட்டாங்க. முழு வாடகை தர்றோம்னாங்க. நான் ஓசூரை விட்டுப் போற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பாய் மாட்டேன்னாரு."

இக்பால் எழுந்து வெளியே போனான். வாசல் சுவரில் போர்டு இன்னும் இருந்தது. அதில் பின் அறையின் பரப்பும் இருக்கிறது, ரேட்டும் இருக்கிறது. ஸ்டோர் கணக்குப் பார்க்கிறவன், பெருக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பி வந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே, நான் பாலிடெக்னிக் சேர்றதுக்குப் பணமில்லைன்னு ஒரு வருஷம் மண்டியில மூட்டை தூக்குனேன், ஞாபகம் இருக்குதா? அப்பவும் அத்தா இந்த ரூமைக் குடுக்கல."

"அதுக்கு இப்ப என்னாங்கற?"

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவரு."

ஜெமீலாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தடவைக்குத் தடவை ரூமைக் கேட்டாங்கன்னு எங்கிட்டயும்தான் சொல்லலடா" என்றார். "வாடகை இல்லாம இருக்கேன்னு நான்தான் வருஷா வருஷம் நோம்புப் பெருநாளைக்கு உங்க எல்லாருக்கும் சட்டை தெச்சுக் குடுத்துக்கிட்டிருந்தேன். கடன் தீந்துச்சுன்னு நெனச்சேன்."

ஷாஜகான் தம்பியைப் பார்த்து எரிந்து விழுந்தான். "அழுதுக்கிட்டு நிக்காத. ரூமையும் சந்துப் பக்க வழியையும் விட்டுட்டு மிச்சத்தை வித்துக்கலாம். வெலை கொறையும். லாட்ஜுக்காரன்கிட்ட நீயே போய்ப் பேசு. என்னால முடியாது." பெரியவர் துண்டை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

அறையை ஜெமீலாக்கா பெயருக்குத் தான செட்டில்மெண்ட்டாகவும், மீதியை லாட்ஜுக்காரர் பெயருக்குக் கிரயமாகவும் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். பிரிவினைக்கு அளந்து கொடுத்தவன் என்ற முறையில் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பத்திரம் எழுதுகிறவர் லாட்ஜின் கிரயப் பத்திரத்தை எல்லாருக்கும் கேட்கும்படி வேகமாக வாசித்துக்கொண்டே வந்தார். நான்கு எல்லைகளைச் சொல்லும் இடம் வந்தது. ரோட்டுக்கு வடக்கு, இன்னார் காலிமனைக்குக் கிழக்கு என்று போய், "ஜெமீலா பீவி வீட்டுக்குத் தெற்கு" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெமீலாக்கா நிமிர்ந்தார்.

"அதென்னாங்க, என் பேரு இந்தப் பத்திரத்துல எதுக்கு?"

"எல்லைம்மா. உங்க வீட்டை வச்சுத்தான் அந்த எடம் எங்க இருக்குதுன்னு சொல்றது."

"அவ்ளோ பெரிய லாட்ஜு எங்க இருக்குதுன்னு என் வீட்டை வச்சா சொல்லுவீங்க?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு தரம் படிங்க."

"இன்னும் ஏழெட்டுப் பத்திரம் நிக்குதும்மா" என்று அவர் சலித்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவைத் திறந்தபடி நின்றிருந்த ஷாஜகான் நிமிராமலே சொன்னான்.

"படிங்கய்யா. கேக்கட்டும்."